படத்தில் பேசுவது யார்?

‘படம்’ என்று சொன்ன மாத்திரத்தில் நம்மவர் மனத்தில் எழுவது பாட்டும் கூத்தும் சண்டையும் கலந்த கதைப்படமே. அதில் குற்றமொன்றும் இல்லை. வாரம் ஆறு நாள் உழைத்துக் களைத்தவன் ஏழாம் நாள் இரண்டரை மணி நேரம் தன் கவலையை மறந்திருக்க விரும்புவது இயற்கையே. ஆயினும், கதையும் நடிகரும் இன்றி மாந்தர் வாழ்வை உள்ளது உள்ளபடி காட்ட முற்படும் படம் என்றொரு வகை உண்டு. அதனை இன்று ஆவணப்படம் என்கிறோம். ஆவணம் என்பது பத்திரம். காலை முதல் மாலை வரை பத்திரங்களோடும் ஏடுகளோடும் பழகும் ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு அந்தப் பெயரே இவ்வகைப் படங்களின்பால் ஓர் ஈடுபாட்டை உண்டாக்கிற்று. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட நாம் கலை விமரிசகர் அல்லோம். ஓய்வு நேரத்தில் கண்டவற்றையும், கண்டபின் நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றையும் இங்கே அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

தமிழர் இத்துறைக்குப் புதியவர் அல்லர். 1911-இல் பிறந்த ஏ. கே. செட்டியார், 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். அடிகளின் வாழ்வைப் படமாக்க வேண்டும் என்ற எண்ணம் அக்கப்பலில்தான் அவருக்குத் தோன்றிற்று. வேடமிட்ட நடிகரை வைத்து எடுக்க அவர் எண்ணவில்லை. பல நாடுகளில் பலர் வெவ்வேறு காலங்களில் பிடித்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்ப்பதே அவர் நோக்கம். அதற்காக ஏறத்தாழ 1,00,000 மைல் பயணம் செய்தார். 50,000 அடி படச்சுருளைத் திரட்டினார். 1940-இல் தமிழ் விளக்கவுரையோடு படத்தை வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை. ஒரு பெரியவரின் நடையையும் சிரிப்பையும் காலம் விழுங்கிவிடாமல் காக்க வேண்டும் என்ற ஒரே ஆசையன்றோ அவரை அத்தனை தூரம் ஓட்டியது!

மகாத்மாவின் வாழ்வைக் காக்க ஒரு செட்டியார் வந்தார். சாதாரண மாந்தரின் வாழ்வை யார் காப்பது?

நாடு விடுதலை பெற்றபின், 1948-இல், மைய அரசு ‘பிலிம்ஸ் டிவிஷன்’ என்ற நிறுவனத்தை இப்பம்பாய் நகரில் அமைத்தது. பின்னர் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. அந்நிறுவனத்தின் செய்திப்படங்களும் சிறு படங்களும் முக்கியப் படத்திற்கு முன்னதாகத் திரையரங்குகளில் கட்டாயமாகக் காட்டப்பட்டதை நம் சங்கத்து மூத்த அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ‘நியூஸ் ரீல் ஓடி முடியட்டும், மெள்ள உள்ளே போகலாம்’ என்று வாயிலில் நின்றவரும் பலர் இருக்கக்கூடும்.

அப்படங்களுட் சிலவற்றை இன்று கணினியில் காண வாய்க்கிறது. அணைக்கட்டு எழுகிறது; உழவர் நாற்று நடுகிறார்; தறி ஓடுகிறது; பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். எல்லாம் அழகாகவே இருக்கின்றன. ஆனால் பேசுவது யார்? உழவர் அல்லர், நெசவாளர் அல்லர், குடத்தோடு நிற்கும் பெண்ணும் அல்லள். கண்ணுக்குத் தெரியாத ஒருவர் நல்ல குரலில் அவர்களைப் பற்றி நமக்கு எடுத்துரைக்கிறார். உழவரின் உதடு அசைகிறது, அவர் சொன்னது நம் செவிக்கு எட்டுவதில்லை. இது அக்காலத்துக் கருவிகளால் நேர்ந்த குறையும் ஆகும். களத்திலேயே ஒலியையும் சேர்த்துப் பிடிக்கும் வசதி அன்று எளிதில் கிட்டுவதன்று. ஆயினும் கருவி மட்டுமே காரணம் என்று நாம் எண்ணவில்லை. எளியவனைப் பற்றிப் படித்தவன் பேசினால் போதும் என்ற எண்ணமும் அதில் கலந்திருந்தது.

அந்நிறுவனத்திற்குள்ளேயே இதனை மாற்ற முயன்றவர்களும் இருந்தார்கள். எஸ். என். எஸ். சாஸ்திரி 1967-இல் எடுத்த ‘ஐ ஆம் ட்வென்டி’ என்ற படம் அதற்கு நல்ல சான்று. 1947-இல் பிறந்து, விடுதலையோடு கூடவே இருபது வயதை எட்டிய இளைஞர் பலரை அவர் பேச வைத்தார். நாட்டை எண்ணிப் பெருமிதம் கொள்பவரும் அதில் உண்டு. நாட்டின்மேல் பற்றே இல்லை என்று முகத்துக்கு நேரே கூறுபவரும் உண்டு. அரசாங்கச் செலவில் எடுத்த படத்தில் அத்தகைய சொல்லும் இடம்பெற்றது என்பதே வியப்பு. கண்ணுக்குத் தெரியாத அந்த நல்ல குரல் சற்று ஒதுங்கி நிற்க, படத்திலுள்ளவரே வாய் திறந்தார்.

ரயில்வேயில் இருப்பவர் என்ற முறையில் இன்னொரு படத்தையும் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. 1936-இல் இங்கிலாந்தில் அஞ்சல் துறையின் படப்பிரிவு எடுத்த ‘நைட் மெயில்’ என்னும் படம் அது. லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு இரவில் விரையும் தபால் ரயிலும், ஓடும் வண்டியில் நின்றபடியே கடிதங்களைப் பிரிக்கும் ஊழியர்களும்தான் அதன் பொருள். நம் நாட்டு ஆர்.எம்.எஸ். பெட்டிகளை அறிந்தவர்க்கு அக்காட்சி நெருக்கமானது. நடித்தவர் உண்மையான அஞ்சல் ஊழியர்களே. ஆனால் அந்தப் பெட்டியின் உட்புறம் மட்டும் படப்பிடிப்பு நிலையத்தில் அமைத்தது! வண்டி ஓடுவது போல் தோன்ற அவர்களே உடலை ஆட்டிக்கொண்டு வேலை செய்தார்களாம். இதைப் படித்ததும் முதலில் நமக்கு ஏமாற்றமாய் இருந்தது. சிந்தித்துப் பார்த்தபின் ஒன்று விளங்கிற்று. ஆவணப்படமும் ஒருவர் தேர்ந்து, வெட்டி, ஒட்டி அமைப்பதே. ஆகவே ‘இது உண்மையா?’ என்று மட்டும் கேட்டால் போதாது. ‘இதை யார், யாருக்காகச் சொல்கிறார்?’ என்றும் கேட்க வேண்டும்.

ஏடுகளைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம். நம் அலுவலகத்தில் ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு சர்வீஸ் புத்தகம் உண்டு. இப்பொழுது அவை கணினிக்கு மாறி வருகின்றன. சில ஆண்டுகளுக்கு முன், தாயாரின் குடும்ப ஓய்வூதியம் பற்றிய ஒரு விவரத்திற்காக, காலஞ்சென்ற நம் தந்தையாரின் புத்தகத்தைப் புரட்ட நேர்ந்தது. அவர் திருநெல்வேலிச் சீமையில் நாங்குநேரிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து 1980-இல் இந்நகருக்கு வந்தவர். இருப்புப் பாதையில் கேங்மேனாக வேலை பார்த்தவர். 2009-இல் பணியில் இருக்கும்பொழுதே மாரடைப்பால் மறைந்தார். கருணை அடிப்படையில் கிடைத்த வேலைதான் இன்று நமக்குச் சோறு போடுகிறது.

புத்தகத்தில் தந்தையாரின் உயரம் இருந்தது. இடது கன்னத்தில் மச்சம் என்று அடையாளம் இருந்தது. பெருவிரல் ரேகை இருந்தது. எடுத்த விடுப்பும் பெற்ற சம்பள உயர்வும் ஆண்டு தவறாமல் பதிவாகியிருந்தன. ஒரு பிழையும் இல்லை. ஆயினும் அது 1990-இல், அவர் நிரந்தரமான நாளில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய பத்தாண்டுகள், தினக்கூலியாய் அலைந்த காலம், ஒரே வரியில் அடங்கிவிட்டது. அந்த ஒரு வரியை நாம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். தந்தையாரின் குரல் எங்கும் பதிவாகவில்லை. அவர் பேசும்பொழுது சொல்லின் நடுவே சற்று நின்று மூச்சு வாங்குவார் என்பது நம் நினைவில் மட்டுமே உள்ளது. நம் மகனுக்கு அதுவும் இல்லை.

அந்தப் பத்தாண்டுகளில் இந்நகரம் எவ்வாறு இருந்தது என்பதைக் காட்டும் படம் ஒன்று உண்டு. ஆனந்த் பட்வர்த்தன் 1985-இல் எடுத்த ‘ஹமாரா ஷஹர்’, அதாவது ‘நம் நகரம்’. குடிசைகளும் நடைபாதை வீடுகளும் இடிக்கப்பட்ட காலம் அது. 1981-இல் அரசு நடைபாதைவாசிகளை அகற்ற முற்பட்டதும், வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றதும், 1985 ஜூலை 10-ஆம் நாள் தீர்ப்பு வந்ததும் வரலாறு. பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று அத்தீர்ப்பு கூறிற்று. நடைபாதையில் குடியிருக்க உரிமை இல்லை என்றும், ஆயினும் முன்னறிவிப்பின்றி அகற்றுதல் முறையன்று என்றும் கூறிற்று. அவ்வழக்காடியவர்களுள் ஒருவர் சேலத்திலிருந்து 1961-இல் பிழைப்புத் தேடி வந்த நிலமற்ற தொழிலாளி. 1981 ஜூலையில் அவரைப் பேருந்தில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவியும் பெண் மக்களும் சேலத்திலேயே நின்றுவிட்டனர். அவர் வேலை தேடி மீண்டும் இந்நகருக்கே வந்து, மீண்டும் ஒரு நடைபாதை வீட்டிலேயே குடிபுகுந்தார். இவையெல்லாம் தீர்ப்பிலேயே எழுதப்பட்டுள்ளன. நம்மவர் வரலாறு நீதிமன்ற ஏட்டில் ஒரு பத்தியாக நிற்கிறது என்று அறிந்தபொழுது நம் நெஞ்சு நெகிழ்ந்தது.

அப்படத்தில் நம்மை மிகவும் உலுக்கிய இடம் இடிப்புக் காட்சியன்று. படமெடுக்க வந்தவர்களையே எதிர்த்து ஒரு பெண் பேசும் இடம் அது. எங்களைப் படம் பிடிப்பதால் உங்களுக்குப் பெயர் வரும், எங்களுக்கு என்ன கிடைக்கும் என்னும் பொருளில் அவள் கேட்கிறாள். படத்தை எடுத்தவர் அதை வெட்டி எறிந்திருக்கலாம், எறியவில்லை. தம்மைக் குற்றம் சாட்டும் குரலையும் தம் படத்திலேயே வைத்தார். படத்தில் பேசுவது யார் என்ற நம் கேள்விக்கு இதனினும் நேர்மையான விடை வேறில்லை.

அப்படத்தில் பாடியவர் விலாஸ் கோக்ரே என்ற மக்கட் பாடகர். 1997 ஜூலை 11-ஆம் நாள் காட்கோபர் ரமாபாய் நகரில் போலீசார் சுட்டதில் தலித் மக்கள் 10 பேர் மாண்டனர். அத்துயரம் தாளாமல் கோக்ரே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பட்வர்த்தன் அன்று தொடங்கி 14 ஆண்டுகள் அம்மக்களிடையே மீண்டும் மீண்டும் சென்று, ‘ஜெய் பீம் காம்ரேட்’ என்ற படத்தை 2011-இல் முடித்தார். ஒரு நாள் வந்து படம் பிடித்துச் செல்வது எளிது. படம் பிடித்தவர்களைப் பதினான்கு ஆண்டுகள் மறவாதிருப்பது அன்றோ அரிது!

‘ஹமாரா ஷஹர்’ படத்தைச் சென்ற ஆண்டு நம் சங்கத்தில் இளைஞர்கள் திரையிட முனைந்தபோது எழுந்த விவாதம் அன்பர்களுக்கு நினைவிருக்கும். மூத்த உறுப்பினர் ஒருவர், “நாம் எத்தனையோ பாடுபட்டு இந்த நிலைக்கு வந்திருக்கிறோம். நம் பிள்ளைகள் பொறியியல் படிக்கிறார்கள். குடிசையையும் சாக்கடையையும் காட்டி அவர்களைத் தலைகுனிய வைக்க வேண்டுமா?” என்று கேட்டார். அது வெறும் வறட்டுக் கௌரவமன்று. மதராசி என்று பள்ளியில் ஏளனம் செய்யப்பட்ட தலைமுறையின் புண் அது. அதை நாம் மதிக்கிறோம். தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் அம்மையார் ஒருவர் எழுந்து விடை கூறினார். “அதிலே தலைகுனிய என்னங்க ஐயா இருக்கு? இடிச்சவங்க அல்லவா குனியணும்?” அவ்வளவே சொல்லி அமர்ந்துவிட்டார். மன்றம் சற்று நேரம் பேச்சற்றிருந்தது. படம் திரையிடப்பட்டது.

அதனைக் கண்டுவந்த நம் மகன், பன்னிரண்டு வயதினன், தன் ஆச்சியின் வாழ்வைக் கைப்பேசியில் படமாக்கப் போவதாகக் கூறினான். தாயார் நகைத்தார். “என் கதையிலே என்னய்யா இருக்கு? எல்லார் கதையும்தான் எனக்கும்” என்றார். பிள்ளை விடவில்லை. தாளில் இருபது கேள்வி எழுதிக்கொண்டு வந்தான். ‘நீங்கள் பட்ட துன்பங்கள் யாவை?’ என்பது முதற் கேள்வி. அதற்குத் தாயார், “துன்பம் என்னத்த, எல்லாம் சரியாப் போச்சு” என்று முடித்துவிட்டார். பத்துக் கேள்விகள் இவ்வாறே இரண்டிரண்டு சொற்களில் தீர்ந்துபோயின.

மறு நாள் தாளை வைத்துவிடும்படி சொன்னோம். தாயார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரே கைப்பேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, அன்றெல்லாம் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று மட்டும் மகன் கேட்டான். ஐம்பது நிமிடம் ஓடிற்று! இரவு இரண்டு மணிக்கு வரும் குழாய்த் தண்ணீர். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அதன் அருகிலேயே படுத்துறங்கியது. பக்கத்துக் குடிசை மராட்டியப் பெண்ணோடு ஒருவர் மொழி ஒருவர்க்குத் தெரியாமலே ஆறு மாதம் சிநேகம் பாராட்டியது. குடிசை இடிபட்ட நாளில் ரேஷன் அட்டையை இடுப்பிலும் மண்ணெண்ணெய் அடுப்பைத் தலையிலும் வைத்துக்கொண்டு நின்றது. ஊருக்கு எழுதிய கடிதங்களிலெல்லாம் ‘இங்கே ஓட்டு வீடு, கரண்டு உண்டு’ என்று எழுதச் சொன்னது. “எங்கம்மா அதை நம்பிக்கிட்டே போய்ச் சேந்துட்டா. நல்லதுதான்” என்று சொல்லிக் கீரைத் தண்டை ஒடித்தார். நம் தந்தையாரின் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு வரியாய்க் கிடந்த பத்தாண்டுகள் நம் கண்ணெதிரே எழுந்து நடமாடின.

அதன் நடுவே நான்கைந்து நிமிடங்கள் தாயார் வேறொன்றைக் கூறினார். இதுகாறும் நாம் கேட்டறியாதது. எல்லாம் முடிந்தபின் அவர் படத்தை முழுமையாகப் போடச் சொல்லிக் கண்டார். பிறகு அந்தப் பகுதியை மட்டும் அழித்துவிடச் சொன்னார். மகன் நம் முகத்தைப் பார்த்தான். அழிக்க நமக்கும் மனம் வரவில்லை. எந்த ஏட்டிலும் இல்லாதது. இனி ஒருபோதும் கிடைக்காதது. பூட்டி வைத்தால் யாருக்குத் தெரியும் என்றெல்லாம் எண்ணம் ஓடிற்று. ஆனால் அது யாருடையது? பதிவு எத்துணை அரியதாயினும் வாழ்வு அவருடையது. அவர் எதிரிலேயே மகன் அதனை அழித்தான். அங்கே என்ன இருந்தது என்பதை இக்கட்டுரையிலும் நாம் எழுதவில்லை. எஞ்சியதைச் சங்கத்தில் காட்டலாம் என்றும், இங்கே எழுதலாம் என்றும் தாயாரே இசைவளித்தார்.

தமிழ் பேசும் ஆவணப்படம் ஒன்று உலகப் புகழ் பெற்றதையும் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். முதுமலை தெப்பக்காட்டு யானை முகாமில் தாயற்ற யானைக் கன்றுகளை வளர்த்த பொம்மன், பெள்ளி என்னும் தம்பதியைப் பற்றிக் கார்த்திகி கொன்சால்வஸ் எடுத்த படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் பரிசு பெற்றது. காட்டுநாயக்கர் வீட்டுத் தமிழ் அமெரிக்க மேடைவரை சென்றதில் நமக்கெல்லாம் மகிழ்ச்சியே. பின்னர் அவ்வாண்டு ஆகஸ்டில், தங்களுக்கு உரியது கிடைக்கவில்லை என்று அத்தம்பதி குறை கூறினர்; படக்குழுவினர் அதனை மறுத்தனர். இதில் நியாயம் யார் பக்கம் என்று தீர்ப்புக் கூற நாம் நீதிபதி அல்லோம். படமெடுத்தவர்க்கும் படத்தில் தோன்றியவர்க்கும் இடையே உள்ள கடன், படம் முடிந்த அன்றே முடிந்துவிடுவதில்லை என்பதை மட்டும் அச்செய்தி நமக்கு உணர்த்திற்று.

இன்று ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டிலும் படமெடுக்கும் கருவி உள்ளது. செட்டியார் காலத்தில் ஆயிரக்கணக்கில் பணமும் கப்பற் பயணமும் வேண்டியிருந்த வேலையை நம் பிள்ளைகள் சட்டைப் பையிலிருந்து எடுத்துச் செய்கிறார்கள். பிறந்த நாள் விருந்துக்கும் கோயில் கொடைக்கும் அக்கருவி பயன்படுகிறது. நம் வீட்டு முதியவர் பேச்சுக்கு மட்டும் அது திறப்பதில்லை. ஊரைவிட்டு முதன்முதலில் இரயிலேறி வந்தவர்கள் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். அவர்கள் போய்விட்டால் நாம் யார், ஏன் இங்கு வந்தோம் என்பதற்கு ரேஷன் அட்டையும் சர்வீஸ் புத்தகமுமே சான்றாக எஞ்சும்.

ஆதலின் அன்பர்கள் இவ்விடுமுறையிலேனும் தத்தம் இல்லத்து மூத்தோரைப் பேசச் செய்து பதிய வேண்டுகிறோம். நம் சிறு அனுபவத்தால் அறிந்தவை சில: கேள்விகளைக் குறைத்துக்கொள்க. துன்பத்தைக் கேளாமல் தண்ணீரை, அடுப்பை, வாடகையைக் கேட்டால் துன்பமும் இன்பமும் தாமே வரும். அவர்தம் கையில் ஏதேனும் வேலை இருக்கட்டும். ஊர்ப் பேச்சைத் திருத்த வேண்டா. நாளும் இடமும் பெயரும் குறித்து வைக்க. யாவற்றினும் முக்கியமாக, எடுத்ததை முதலில் பேசியவர்க்கே போட்டுக் காட்டி, அவர் வேண்டாம் என்றதை நீக்கிவிடுக.

இவ்வாறு இசைவு பெற்ற படங்களைச் சங்கத்து நூலகத்தில் சேர்த்து வைக்கச் செயற்குழு ஒப்பியுள்ளது. இதுவரை வந்திருப்பவை மூன்று. அவற்றுள் ஒன்றில் பேசுபவர், படம் வேண்டாம் என்று அன்று மறுத்த அதே மூத்த உறுப்பினர். ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேசியிருக்கிறார். ஒரு சொல்லையும் நீக்கச் சொல்லவில்லை.